சில டெஸ்ட்களை மட்டும் ஓட்டுவது: எந்த வழி எந்த இடத்துக்கு

சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் சின்னதாக இருக்கும்வரை, எந்த டெஸ்ட்களை ஓட்டுவது என்ற கேள்வியே எழாது. ஒரே கட்டளை, எல்லா டெஸ்டும் ஓடி முடியும், அடுத்த வேலையைப் பார்க்கலாம். டெஸ்ட்கள் ஆயிரக்கணக்கில் ஏறி, முழு ஓட்டம் அரை மணி, முக்கால் மணி என்று இழுக்க ஆரம்பித்ததும்தான் "நான் தொட்டது ஒரே ஒரு ஃபைல், இதற்கு எதற்கு அத்தனையையும் ஓட்டணும்" என்று டீமில் எல்லாரும் கேட்கத் தொடங்குவார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் என்று ஆளுக்கு ஒரு வழியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் டெஸ்டின் பெயரைக் கொடுத்து ஓட்டுவார், இன்னொருவர் டேக் போடுவார், வேறொருவர் தன் மாட்யூலை மட்டும் பில்டு செய்வார், சி.ஐ. (கோட் ஏறும்போதெல்லாம் பில்டையும் டெஸ்ட்களையும் தானாக ஓட்டும் சர்வர்) ஸ்கிரிப்ட் எழுதுபவர் எந்த ஃபோல்டர் மாறியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வேலைபோலத் தெரியும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால்தான் வினை.

எந்த வழி என்று யோசிக்கும் முன் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "இப்போது நான் எந்த டெஸ்டைப் பார்க்க வேண்டும்" என்பது ஒன்று. "எந்த டெஸ்டை ஓட்டாமல் விட்டாலும் பாதகமில்லை" என்பது இன்னொன்று. முதலாவதில் தப்பினால் உங்கள் நேரம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான், சி.ஐ. பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் தப்பினால் உடைந்த கோட் எல்லாரும் பகிரும் மெயின் பிராஞ்சுக்குள் போய்விடும், அதை மறுநாள் காலையில் இழுத்துக்கொள்கிற இன்னொருவர், தான் தொடாத இடத்தில் ஏன் டெஸ்ட் விழுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினில் எப்படி வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் மெர்ஜுக்கு (மாற்றத்தை மெயினில் சேர்ப்பதற்கு) முன்னால் எதை விடலாம் என்பதைக் கையால் எழுதிய எந்தப் பட்டியலிடமும் ஒப்படைக்காதீர்கள். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்த பில்டு கருவிதான் அதைச் சொல்ல வேண்டும், அதற்குப் பின்னாலும் ஒரு முழு ஓட்டம் எங்காவது இருந்தாக வேண்டும்.

பெயரைக் கொடுத்து ஓட்டுவது

இது எல்லாக் கருவியிலும் உண்டு. ஜாவாவுக்கான பில்டு கருவி மேவனில் ‘டெஸ்ட்’ என்ற ப்ராபர்ட்டிக்கு கிளாஸ் பெயரைக் கொடுத்தால் போதும், ஹேஷ் குறி போட்டு மெத்தட் பெயரையும் சேர்க்கலாம். அதேபோன்ற இன்னொரு பில்டு கருவியான கிரேடிலில் ‘--டெஸ்ட்ஸ்’, பைத்தானுக்கான பைடெஸ்டில் ‘-கே’, கோ மொழியில் ‘-ரன்’, சி பிளஸ் பிளஸ் பக்கம் சிமேக் என்ற பில்டு கருவியோடு வரும் சிடெஸ்டில் ‘-ஆர்’. ஒரு பக்கை (கோடில் உள்ள பிழையை) துரத்திக்கொண்டிருக்கும்போது இதைவிட வேகமான வழி கிடையாது. கூடவே, கடைசியாக விழுந்த டெஸ்ட்களை மட்டும் மறுபடி ஓட்டும் வசதியையும் பழகிக்கொள்ளுங்கள்: பைடெஸ்டில் ‘--எல்எஃப்’, சிடெஸ்டில் ‘--ரீரன்-ஃபெயில்ட்’. பெயரைத் தேடி எழுதும் வேலைகூட மிச்சம்.

பெயர் பொருந்தும் விதம் கருவிக்குக் கருவி மாறும். பைடெஸ்டின் ‘-கே’ பெயருக்குள் எங்கே அந்தச் சொல் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. கோவின் ‘-ரன்’ ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடுவது), முன்னும் பின்னும் நங்கூரம் (^, $ குறிகள்) போடாவிட்டால் ‘டெஸ்ட்யூசர்’ என்று கேட்டதற்கு ‘டெஸ்ட்யூசர்டிலீட்’டும் சேர்ந்து ஓடும். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம், கொடுத்த பெயருக்கு ஒரு டெஸ்டும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பது. கிரேடில் பில்டையே விழவைத்துவிடும். மேவனும் அப்படித்தான். பைடெஸ்ட் 5 என்ற எக்ஸிட் கோடுடன் (0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி) வெளியேறும், பல மொழிகளுக்கான பில்டு கருவி பேஸல் 4 என்ற எக்ஸிட் கோடு தரும், ஆக சி.ஐ. சிவப்பாகும். கோ அப்படியில்லை. ‘ஓகே’ என்று எழுதி, பேக்கேஜ் பெயருக்கும் நேரத்துக்கும் அப்புறம் வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘நோ டெஸ்ட்ஸ் டு ரன்’ என்று போட்டுவிட்டு வெற்றியாகவே முடித்துக்கொள்ளும். சிடெஸ்டும் டெஸ்ட் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆச்சரியக்குறிகளோடு சொல்லிவிட்டு, தானாக எதுவும் மாற்றாவிட்டால் 0 தான் திருப்பித் தரும். அதை மாற்றத்தான் சிமேக் 3.12ல் ‘--நோ-டெஸ்ட்ஸ்=எரர்’ என்ற வழி வந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சி.ஐ. ஸ்கிரிப்டில் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "இந்த ஜாபில் பேமென்ட் டெஸ்ட்களை மட்டும் ஓட்டு" என்று யாரோ எழுதியிருப்பார்கள். பின்னால் இன்னொருவர் அந்த கிளாஸின் பெயரை மாற்றுவார், ஐ.டி.இ. கோடில் எல்லா இடத்திலும் மாற்றிக் கொடுக்கும், சி.ஐ. ஃபைலைத் தொடாது. அன்றிலிருந்து அந்த ஜாப் ஒன்றுமே ஓட்டாமல் பச்சையாக வந்துகொண்டிருக்கும். பேமென்ட் கோடில் என்ன உடைந்தாலும் பச்சைதான். சிவப்பு ஜாபை நாலு பேர் பார்ப்பார்கள், பச்சை ஜாபை யார் திறந்து பார்க்கிறார்கள்? அதனால் எந்த வழியை எடுத்தாலும் சரி, முதலில் செய்ய வேண்டியது, பூஜ்யம் டெஸ்ட் ஓடினால் ஜாப் விழுகிறதா என்று ஒருமுறை வேண்டுமென்றே தப்பான பெயரைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது. விழவில்லை என்றால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மாட்யூலை மட்டும் ஓட்டுவது

பல மாட்யூல்கள் உள்ள ப்ராஜெக்டில் அடுத்த இயல்பான வழி இது. மேவனில் ‘-பிஎல்’ போட்டு மாட்யூல் பெயரைக் கொடுத்தால் அது மட்டும் பில்டாகி அதன் டெஸ்ட்கள் ஓடும். இதில் ஒரு குழி இருக்கிறது, அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

‘கோர்’ என்று ஒரு மாட்யூல், அதைப் பயன்படுத்தும் ‘வெப்’ என்று இன்னொன்று, இவ்வளவுதான் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். கோருக்குள் தொகையை முழுமையாக்கும் ஃபங்ஷன் ஒன்றை மாற்றுகிறீர்கள். வெப் உடைகிறதா என்று பார்க்க ‘-பிஎல் வெப்’ என்று ஓட்டுகிறீர்கள். எல்லாம் பாஸ். ஆனால் வெப் எடுத்துக்கொண்டது நீங்கள் இப்போது மாற்றிய கோரை அல்ல. லோக்கல் ரெபாசிட்டரியில் எப்போதோ இன்ஸ்டால் செய்யப்பட்டுக் கிடந்த பழைய ஜாரை (பில்டான ஜாவா கோட் ஃபைலை). அந்த ஓட்டத்தில் கோர் பில்டே ஆகவில்லை. சரி, ‘-ஏஎம்’ சேர்த்தால் வெப் சார்ந்திருக்கும் மாட்யூல்களும் கூடவே பில்டாகும், அது சரியான தீர்வுதான். ஆனால் அதோடு டெஸ்ட் பெயரையும் கொடுத்தீர்கள் என்றால், கோர் மாட்யூலில் அந்தப் பெயரில் டெஸ்ட் இல்லை என்று பில்டு அங்கேயே நின்றுவிடும். உடனே தேடிப் பார்த்து, மேவனில் டெஸ்ட்களை ஓட்டும் ஸ்யூர்ஃபயர் ப்ளகினில், குறிப்பிட்ட டெஸ்ட் இல்லாவிட்டால் விழு என்ற ப்ராபர்ட்டியை ஃபால்ஸ் என்று போடுவீர்கள். ஓடும். ஆனால் இப்போது பெயரை எழுத்துப்பிழையோடு அடித்தாலும் பச்சை வரும். மேலே சொன்ன அதே பூஜ்யம் டெஸ்ட் பிரச்சினையை நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டோம். உங்கள் மெஷினில் செய்தால் தவறில்லை. இந்தக் கட்டளையை அப்படியே காப்பி செய்து சி.ஐ.யில் ஒட்டுவதுதான் தவறு.

இன்னொன்று திசை. ‘-ஏஎம்’ என்பது நான் யாரைச் சார்ந்திருக்கிறேன் என்ற பக்கம் போகும். ‘-ஏஎம்டி’ என்பது என்னை யார் சார்ந்திருக்கிறார்கள் என்ற பக்கம். ஒரு மாற்றம் எதை உடைக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டாவதுதான் வேண்டும், முதலாவது அந்த மாட்யூல்கள் சரியாக பில்டாவதற்கு. இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். ‘-ஏஎம்’ மட்டும் போட்டுவிட்டு, பாதிக்கப்பட்டதெல்லாம் ஓடிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

சி பிளஸ் பிளஸ் பக்கம் இதே குழி வேறு உருவத்தில் இருக்கிறது. சிடெஸ்ட் டெஸ்ட்களை ஓட்டும், பில்டு செய்யாது. சிமேக் உருவாக்கித் தரும் ‘மேக் டெஸ்ட்’டும் வழக்கமாக மற்ற டார்கெட்களைப் புதுப்பிக்காது. சோர்ஸை மாற்றிவிட்டு நேராக சிடெஸ்டை ஓட்டினால் பழைய பைனரி ஓடி, பழைய முடிவைக் காட்டும். அதனால்தான் பல ப்ராஜெக்ட்களில் ‘செக்’ என்று தனி டார்கெட் வைத்து, முதலில் பில்டு, அப்புறம் சிடெஸ்ட் என்று கட்டியிருப்பார்கள். உங்கள் ப்ராஜெக்டில் இல்லாவிட்டால் இன்றைக்கே சேருங்கள்.

டேக் போட்டுப் பிரிப்பது

ஜேயூனிட் 5ல் டேக், பைடெஸ்டில் மார்க்கர், சிடெஸ்டில் லேபிள், பேஸலில் டேக்கோடு சைஸும் உண்டு. பேஸலின் சைஸ் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஸ்மால், மீடியம், லார்ஜ், எனார்மஸ் என்று நான்கு, வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் 60, 300, 900, 3600 வினாடி கெடு. ஸ்மால் என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் டெஸ்ட் விழுந்துவிடும், ஆக டேக் சொல்வது உண்மையா என்று கருவியே பார்த்துக்கொள்கிறது. மற்ற கருவிகளில் ‘ஸ்லோ’ என்று ஒருமுறை ஒட்டினால் அது காலத்துக்கும் அப்படியே இருக்கும். அந்த டெஸ்டை யாரோ வேகமாக்கியிருந்தாலும் டேக்கை எடுக்க யாருக்கும் தோன்றாது.

டேக் சொல்வது அந்த டெஸ்டின் செலவையும் தேவையையும்: மெதுவானது, டேட்டாபேஸ் வேண்டும், நெட்வொர்க் வேண்டும், ஜி.பி.யு. வேண்டும். உங்கள் மாற்றத்துக்கும் அந்த டெஸ்டுக்கும் என்ன தொடர்பு என்பது டேக்குக்குத் தெரியாது. ‘பில்லிங்’, ‘லாகின்’ என்று வசதிவாரியாக டேக் போட்டு, பில்லிங் கோடைத் தொட்டால் பில்லிங் டேக்கை ஓட்டுவோம் என்று திட்டம் போடுபவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. சார்புகளைக் கையால் எழுதிப் பராமரிக்கிறார்கள், அதுவும் யாரும் சரிபார்க்காத இடத்தில். லாகின் டெஸ்ட் ஒன்று பில்லிங் கோடை மறைமுகமாகத் தொடும் நாளில் அந்தத் திட்டம் முடிந்தது.

டேக்கைப் பயன்படுத்துவதென்றால் இரண்டு விஷயம். சேர்க்கும் விதமாக எழுதாமல் விலக்கும் விதமாக எழுதுங்கள். "ஸ்மோக் என்று இருப்பதை ஓட்டு" என்றால் புதிதாக டெஸ்ட் எழுதுபவர் டேக் போட மறந்தால் அது ஒருநாளும் ஓடாது. "ஸ்லோ இல்லாததையெல்லாம் ஓட்டு" என்றால் மறந்தாலும் ஓடும், கொஞ்சம் நேரம் கூடும், யாராவது கவனித்துச் சரிசெய்வார்கள். இரண்டாவது, பைடெஸ்டாக இருந்தால் ‘--ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ்’ போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மார்க்கர் பெயரைத் தப்பாக அடித்தாலும் ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும், போட்டவர் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

எந்த ஃபோல்டர் மாறியது என்று பார்த்து ஓட்டுவது

சி.ஐ.யில் பலர் முதலில் கைவைப்பது இதில்தான், எனக்கு ஆகவே ஆகாதது இது. ‘வெப்’ ஃபோல்டருக்குள் ஏதாவது மாறினால் வெப் ஜாப், ‘சர்வர்’ ஃபோல்டருக்குள் மாறினால் சர்வர் ஜாப். எழுத ஐந்து நிமிடம். எழுதும் நாளில் சரியாகவும் இருக்கும். பிறகு யாரோ பொதுவான கோடை ‘ஷேர்டு’ என்று ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துவார்கள், பட்டியலில் அது இருக்காது, அதை மாற்றினால் எந்த ஜாபும் ஓடாது. லைப்ரரி வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லாக் ஃபைல், கம்பைலர் வெர்ஷன், டாக்கர் ஃபைல் என்று எல்லாவற்றையும் பாதிக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் ரூட்டில்தான் கிடக்கும், அவையும் பட்டியலில் விட்டுப்போகும்.

இதோடு நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. எதனோடு ஒப்பிடுவது? பிராஞ்ச் பிரிந்த இடத்தோடு ஒப்பிட வேண்டும், ஆனால் சி.ஐ. பல நேரம் கடைசி கமிட்டை மட்டும் இறக்கியிருக்கும், பிரிந்த இடம் அதன் கையில் இருக்காது. முந்தைய கமிட்டோடு மட்டும் ஒப்பிட்டால், மூன்று கமிட் கொண்ட பிராஞ்சில் முதல் இரண்டு கமிட்டின் மாற்றம் கணக்கிலேயே வராது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இன்னொன்று: மெர்ஜுக்குக் கட்டாயம் என்று வைத்த வொர்க்ஃப்ளோவை பாத் ஃபில்டர் (எந்த ஃபோல்டர் மாறியது என்று பார்க்கும் விதி) ஓடவிடாமல் தடுத்தால் அந்தச் செக் ‘பெண்டிங்’ என்றே நிற்கும், மெர்ஜ் பட்டன் பூட்டியே கிடக்கும். உடனே அந்தச் செக்கைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அது ஓடிச் சிவப்பானாலும் மெர்ஜ் ஆகும்.

இந்த வழியைத் தலைகீழாக எழுதினால் மட்டும் ஒப்புக்கொள்வேன். மாறியது முழுக்க ஆவணங்கள் மட்டும் என்றால் டெஸ்டை விட்டுவிடு, வேறு எது மாறினாலும் எல்லாவற்றையும் ஓட்டு. இதில் பட்டியல் பழசானாலும் இழப்பு நேரம் மட்டும்தான்.

சார்பு வரைபடத்தை நம்புவது

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பேஸல், பக் (Buck), பேண்ட்ஸ், என்எக்ஸ் போன்ற பில்டு கருவிகளுக்கு எந்த டார்கெட் எதைச் சார்ந்தது என்பது ஏற்கெனவே தெரியும், பில்டு செய்வதற்கே அது வேண்டும். அதே வரைபடத்தைத் தலைகீழாகப் படித்தால் இந்த ஃபைலைச் சார்ந்த டெஸ்ட்கள் எவை என்ற பதில் வந்துவிடும். பேஸலில் ‘ஆர்டெப்ஸ்’ என்ற க்வெரி, என்எக்ஸில் ‘அஃபெக்டட்’ என்ற கட்டளை. கையால் எழுதிய பட்டியலுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே ஒன்று: பட்டியல் தப்பானால் யாருக்கும் தெரியாது, வரைபடத்தில் ஒரு சார்பு விட்டுப்போனால் பெரும்பாலும் பில்டே ஆகாது. பொய் சொல்ல வாய்ப்புக் குறைவான தகவலிடம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் பாதிக்கப்பட்டதைக் கேட்டு ஓட்டுவதைவிட இன்னும் எளிய வழி ஒன்று அதே கருவிகளிலேயே இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் சொல்வேன். எல்லா டெஸ்டையும் ஓட்டச் சொல்லுங்கள், மாறாதவற்றின் முடிவை கேச்சிலிருந்து, அதாவது சேமித்து வைத்த பழைய முடிவுகளிலிருந்து, எடுத்துக்கொள்ளட்டும். பேஸலில் எல்லாவற்றையும் ஓட்டு என்று சொன்னால், உள்ளீடு எதுவும் மாறாத டெஸ்டுக்கு நேராக ‘கேச்டு’ என்று போட்டுப் பழைய பாஸ் முடிவையே காட்டும். கோவில் 1.10 பதிப்பிலிருந்து, அதாவது 2018லிருந்து, பேக்கேஜ் அளவில் இதே ஏற்பாடு உண்டு. கிரேடிலில் டெஸ்ட் டாஸ்கே ‘அப்-டு-டேட்’ ஆகிவிடும். எந்த கமிட்டோடு ஒப்பிடுவது என்ற கேள்வியே இதில் வராது, ஏனென்றால் ஒப்பிடுவது உள்ளடக்கத்தை. 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்ற பில்டு கருவி, ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கும், பிராஞ்ச் மாறி மாறித் திரும்பி வந்தாலே நேரம் புதிதாகி, ஒன்றுமே மாறாமல் பில்டு மறுபடி ஓடும். உள்ளடக்கத்தின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்ணை) பார்க்கும் கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை.

வரைபடத்துக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் கேச்சை நம்பினால் கழுத்தை அறுத்துவிடும். என்விரான்மென்ட் வேரியபிள், டேட்டாபேஸ் ஸ்கீமா, இன்றைய தேதி, நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு சர்வீஸ், ரிஃப்ளெக்‌ஷனால் பெயரைச் சொல்லி ஏற்றப்படும் கிளாஸ், யாரும் அறிவிக்காத ஃபைல். ஒரு உதாரணம். கிரேடில் ப்ராஜெக்டில் ஒரு டெஸ்ட் தன் மாட்யூலுக்கு வெளியே, ரூட்டில் உள்ள கான்ஃபிக் ஃபோல்டரிலிருந்து விலைப் பட்டியல் யாமெல் ஃபைல் ஒன்றைத் திறந்து படிக்கிறது. அந்த ஃபைலை மாற்றுகிறீர்கள், ஒரு வரியை நீக்குகிறீர்கள். டெஸ்டை ஓட்டினால் கிரேடில் ‘அப்-டு-டேட்’ என்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த ஃபைல் இந்த டாஸ்கின் உள்ளீடு என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. பில்டு ஸ்கிரிப்டில் டெஸ்ட் டாஸ்கின் ‘இன்புட்ஸ்’ பகுதியில் அந்த ஃபைலைச் சேர்த்தால் சரியாகிவிடும். சேர்க்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

இதே நிலைமையில் பேஸல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சாண்ட்பாக்ஸுக்குள் (மற்ற ஃபைல்கள் தெரியாத தனி இடத்துக்குள்) அறிவித்த ஃபைல்களை மட்டுமே வைத்து டெஸ்டை ஓட்டுவதால், அறிவிக்காத ஃபைலைத் திறக்கப் போனால் ஃபைல் இல்லை என்று முதல் நாளே டெஸ்ட் விழும். எழுதும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்த எரிச்சலுக்கு ஈடாகத்தான் கேச் முடிவை நம்ப முடிகிறது. கோ நடுவழியில் போகிறது: டெஸ்ட் படிக்கும் என்விரான்மென்ட் வேரியபிளையும் மாட்யூலுக்குள் திறக்கும் ஃபைலையும் தானே கவனித்துக்கொள்ளும், டேட்டாபேஸுக்குள் என்ன மாறியது என்பது அதற்குத் தெரியாது. டேட்டாபேஸோடு பேசும் டெஸ்ட்களுக்கு ‘-கவுன்ட்=1’ போட்டு கேச்சைத் தவிர்க்க வேண்டும், பேஸலில் அதற்கு ‘எக்ஸ்டர்னல்’ என்ற டேக். வெளியுலகைத் தொடும் டெஸ்ட்களை இப்படித் தனியே பிரித்து, கேச் இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் மற்றவற்றுக்கு கேச்சைத் தைரியமாக நம்பலாம்.

அப்புறம் வரைபடத்தின் கண்ணி அளவு. கிரேடிலில் முடிவு டாஸ்க் அளவில், அதாவது பெரும்பாலும் மாட்யூல் அளவில். ஒரு மாட்யூலில் ஒரு கிளாஸ் மாறினால் அந்த மாட்யூலின் எல்லா டெஸ்டும், அதைச் சார்ந்த எல்லா மாட்யூலின் டெஸ்டும் ஓடும். ‘யூட்டில்ஸ்’ என்று ஒரு மாட்யூல் வைத்து எல்லாரும் கிடைத்ததையெல்லாம் அதற்குள் போட்டிருந்தால், அதைத் தொட்டாலே முழு ஓட்டம்தான், உலகின் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அப்படித்தான். பேஸலுக்கு மாறிவிட்டோம், ஆனாலும் எல்லாமே ஓடுகிறதே என்று சொல்பவர்களின் ப்ராஜெக்டில் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு மாட்யூலைத்தான். அதை நாலைந்தாக உடைப்பது சலிப்பான வேலை, யாரும் பாராட்டவும் மாட்டார்கள், ஆனால் டெஸ்ட் நேரம் குறைவது அங்கேதான். கருவியை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள், மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய ப்ராஜெக்டை பேஸலுக்கு நகர்த்துவது மாதக்கணக்கில் இழுக்கும், முடித்த பிறகும் பில்டு ஃபைல்களைப் பராமரிக்க ஆள் வேண்டும். கோவோ கிரேடிலோ ஏற்கெனவே இருந்தால் கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவதே மேல்.

ஓடும்போது கவனித்து வைத்துக்கொள்வது

மாட்யூலாகப் பிரிக்கவே முடியாத ஒரே பெரிய கோட் குவியல் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டும் ஓடும்போது எந்தெந்த ஃபைலைத் தொட்டது என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவற்றில் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் ஓட்டுவது. ஜாவாவுக்கு 2015ல் வந்த எக்ஸ்டாசி இதை கிளாஸ் ஃபைல் அளவில் செய்தது, பைத்தானுக்குப் பைடெஸ்ட்-டெஸ்ட்மன் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஸ்டூடியோ 2010லேயே இதைக் கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கான ஜெஸ்டை ‘-ஓ’ என்று ஓட்டினால் இம்போர்ட்களைப் படித்து, மாறிய ஃபைல்களோடு தொடர்புள்ள டெஸ்ட்களைக் கண்டுபிடிக்கும். அது ஓட்டிப் பார்க்காமல் படித்தே செய்வது, அதனால் இம்போர்ட் பெயரை ஓடும்போது உருவாக்கினால் அதன் கண்ணில் படாது.

என் மெஷினில் டெஸ்ட்மன் மாதிரியான கருவி அருமையாகக் கைகொடுக்கும். சி.ஐ.யில் அதன் குறிப்பை எங்கே வைப்பது, எந்த பிராஞ்சின் குறிப்பை எடுத்துக்கொள்வது என்று ஆரம்பித்தால் வேலை கூடிக்கொண்டே போகும். கோட் அல்லாத ஃபைல் மாறினால் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அஷ்யூர் பைப்லைன்ஸில் உள்ள மைக்ரோசாஃப்டின் ஏற்பாடு தனக்குப் புரியாத ஃபைல் ஏதாவது மாறியிருந்தால் எல்லா டெஸ்டையும் ஓட்டிவிடும். தேர்ந்தெடுக்கும் எந்தக் கருவியிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த குணத்தைத்தான்: தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் ஓட்டு.

இயந்திரக் கற்றலை வைத்து எந்த டெஸ்ட் விழக்கூடும் என்று கணிப்பதும் இருக்கிறது. ஃபேஸ்புக் 2018ல் வெளியிட்ட முறையில் டெஸ்டுக்கான உள்கட்டமைப்புச் செலவு பாதியாகியது, தவறான மாற்றங்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டது, தனித்தனி டெஸ்ட் தோல்விகளில் 95 சதவீதத்துக்கு மேல் தெரியவந்தது. அவர்களிடம் அதற்கான வரலாறும் அளவும் இருந்தன. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அளவில் தரவு கிடையாது. தவிர, காரணமில்லாமல் ஒருமுறை பாஸாகி ஒருமுறை விழும் ஃப்ளேக்கி டெஸ்ட்கள் அந்தக் கணிப்பைக் குழப்பும். கூகுள் 2016ல் சொன்ன கணக்குப்படி அவர்களுடைய டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதம் ஏதோ ஒரு அளவில் ஃப்ளேக்கி. அவ்வளவு கவனமாக இருக்கும் இடத்திலேயே இப்படி.

சரி, உங்களுக்கு எது?

முழு ஓட்டம் பத்து நிமிடத்துக்குள் இருந்தால் மெர்ஜுக்கு முன் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஓட்டுங்கள். நேரம் உறுத்தினால் முதலில் எது தின்கிறது என்று பாருங்கள், பைடெஸ்டில் ‘--டியூரேஷன்ஸ்=10’ என்று போட்டால் மிக மெதுவான பத்தைக் காட்டிக்கொடுக்கும். பல நேரம் நாலைந்து டெஸ்ட்கள்தான் முக்கால்வாசி நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும், அதில் ஒன்றிரண்டில் வெறும் ‘ஸ்லீப்’ இருக்கும். அடுத்து இணையாக ஓட்டுவது: பைடெஸ்டுக்கு எக்ஸ்டிஸ்ட், கிரேடிலுக்கு ‘மேக்ஸ்பேரலல்ஃபோர்க்ஸ்’, பேஸலில் ஷார்டிங் (டெஸ்ட்களைப் பங்கு பிரித்து ஓட்டுவது). இணையாக ஓட்டும்போது ஒன்றையொன்று மிதிக்கும் டெஸ்ட்கள் வெளியே வரும், அவற்றைச் சரிசெய்வது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். டெஸ்டை விடுவதில் ஆபத்து உண்டு, வேகமாக்குவதில் இல்லை. அதனால் இதை முடித்த பிறகே அடுத்தது.

அதற்கு மேலே போய், மாட்யூல்களாகப் பிரிந்த ப்ராஜெக்ட் என்றால் கருவியின் கேச்சை எல்லாருக்கும் பொதுவாக்குங்கள், சி.ஐ. எழுதட்டும், டெவலப்பர் மெஷின்கள் படிக்கட்டும். வெளியுலகைத் தொடும் டெஸ்ட்களை டேக் போட்டுத் தனி ஜாபாக்குங்கள். டேக்குக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேண்டாம். பல மொழிகள் கலந்த, பல டீம்கள் ஒரே ரெபாசிட்டரியில் வேலை செய்யும் இடம் என்றால்தான் பேஸல் மாதிரியான ஒன்றைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிப்பேன்.

முழு ஓட்டத்தை எப்போது வைப்பது என்பதில் இரண்டு வழி. ஒவ்வொரு மெர்ஜுக்கும் அப்புறம் மெயினில், இல்லாவிட்டால் இரவில் ஒருமுறை. மெஷின் கட்டுப்படியானால் முதலாவதுதான் நல்லது, எந்த மாற்றம் உடைத்தது என்று நேராகத் தெரியும். இரவு ஓட்டத்தில் விழுந்தால் அன்றைய மெர்ஜ்கள் அத்தனையிலும் தேட வேண்டும். எதுவானாலும் கேச்சை ஒதுக்கிவிட்டு நிஜமாக ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே தப்பாகச் சேமித்த பச்சையையே திரும்பக் காட்டும்.

அந்த முழு ஓட்டத்தில், மெர்ஜுக்கு முன் விடப்பட்ட ஒரு டெஸ்ட் விழுந்தால் இரண்டு பக்குகள் கையில் இருக்கின்றன. ஒன்று கோடில். இன்னொன்று தேர்வில், அதாவது வரைபடத்தில் ஒரு சார்பு விட்டுப்போயிருக்கிறது. பலர் முதலாவதை மட்டும் சரிசெய்துவிட்டு, அந்த டெஸ்டை எப்போதும் ஓட்ட வேண்டியவை பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். அதற்குப் பதில் அந்த டெஸ்ட் அறிவிக்காமல் படித்த ஃபைல் எது, வேரியபிள் எது என்று கண்டுபிடித்து உள்ளீடாகச் சேருங்கள். சேர்த்த பிறகு அந்த ஃபைலில் ஒரு வரியை மாற்றி, டெஸ்ட் தானாக மறுபடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட்டை மூடுங்கள்.